பொன்னுக்கு வீங்கின தெரு

அந்த வருஷம் தை பிறந்ததிலிருந்து எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு முகம் உருண்டையாகிக்கொண்டே வந்தது. காலையில் நல்லபடியாகப் பள்ளிக்கூடம் போன பிள்ளை சாயங்காலம் ஒரு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வரும். மறுநாள் இரண்டு கன்னமும் உப்பி, தாடையைச் சுற்றித் துணிக்கட்டோடு வாசல்படியில் உட்கார்ந்திருக்கும். புதுத் துறைமுகத்துக்குக் கப்பல் வரத் தொடங்கியிருந்த சமயம் அது. மத்தியானக் காற்று உப்பளங்களைத் தாண்டி வந்து தெருவையே தூக்கக் கலக்கத்தில் ஆழ்த்திவிடும். நான் வேலை முடிந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தால் வீட்டுக்கு வீடு வட்ட முகங்கள் என்னையே பார்க்கும். ஒன்றும் பேசாது, பேசினால் தாடை வலிக்கும். யாரோ கண்ட கனவுக்குள் சைக்கிளோடு நுழைந்துவிட்டேனோ என்று எனக்குத் தோன்றும்.

எனக்கு அப்படித் தோன்றுவது ஒன்றும் அதிசயமில்லை. பெயர் தாணுலிங்கம், தொழில் டாலி கிளார்க். கப்பலில் ஏறும் மூட்டைகளை எண்ணிக் கோடு போடுவேன். நாள் முழுக்க ஒரே மாதிரி மூட்டையை எண்ணுகிறவன் முக்கால்வாசி நேரம் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறவன்தான். என் கோடுகள் தப்பியதில்லை, அது வேறு விஷயம்.

அந்த வீக்கத்துக்கு எங்கள் பக்கம் பொன்னுக்கு வீங்கி என்று பெயர். கழுத்தில் பொன் கிடந்தால் வடிந்துவிடும் என்பார்கள். பொன் படாவிட்டால் கழுத்தோடு நிற்காமல் கீழே, ஆம்பிளைகளுக்கு விதை வரைக்கும், இறங்கிவிடும் என்றும் சொல்வார்கள். ஆனால் எங்கள் தெருவில் உப்பளத்துக்குப் போகிறவர்களும் மூட்டை தூக்குகிறவர்களும்தான் அதிகம், பொன் கிடந்த கழுத்துகள் குறைச்சல். கிடந்த பொன்னும் பாதி நாள் அடகுக் கடையில் கிடக்கும். என் மனைவி சண்முகத்தாய்க்கு மட்டும் அவள் அம்மா போட்ட முறுக்குச் சங்கிலி ஒன்று பத்திரமாக இருந்தது. பிள்ளைக்குக் கன்னம் வீங்கினால் தாய்மார்கள் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள்.

சங்கிலி தருவதற்கு அவள் ஒரு சட்டம் வைத்திருந்தாள். சங்கிலி எங்கள் வீட்டு வாசல்நிலையைத் தாண்டாது, பிள்ளைதான் வர வேண்டும். சாயங்காலம் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் போட்டுக்கொண்டு, விளக்கு வைத்ததும் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். பொன்னாச்சே, அவள் சொல்வது நியாயம்தானே என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். உள்ளபடி என்ன காரணம் என்று எனக்குத் தெரியும். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

பிள்ளை இல்லாதவளை ஊர் எப்படி நடத்தும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கைக்குழந்தையை அவள் எட்டிப் பார்த்தால் தாய் முந்தானையை இழுத்து மூடிக்கொள்வாள். பெயர் வைக்கிற வீட்டில் அவளைக் கடைசி வரிசையில் உட்கார்த்துவார்கள். அதே தெரு, கன்னம் வீங்கின பிள்ளையை மட்டும் தானே கொண்டுவந்து அவள் மடியில் விடும். வீங்கின பிள்ளைக்கு அவள் வேணும், வீங்காத பிள்ளைக்கு வேண்டாம். எனக்குச் சில நாள் வயிறு எரியும். அவளுக்கு எரியவில்லை. அந்தச் சாயங்காலங்களுக்காகப் பகல் முழுக்கக் காத்திருந்தாள்.

மெல்ல முடியாத பிள்ளைகள் என்று பச்சரிசியைக் குழைய விட்டு, கருப்பட்டி போட்டு ஒரு கஞ்சி காய்ச்சுவாள். கல்யாணத்தில் வந்த வெள்ளிக் கரண்டி ஒன்று. கழுத்தில் சங்கிலி கிடக்கிற பிள்ளைக்கு ஒரு வாய், காத்திருக்கிற பிள்ளைக்கு ஒரு வாய், கஞ்சி வாசனை பிடித்துக் கூடவே வந்த அண்ணன் தம்பிக்கும் ஒரு வாய். எதிர்வீட்டுச் சங்கரம்மாளின் மகள் வயிற்றுப் பேத்தி, வீக்கம் வடிந்து வாரக் கணக்கான பிறகும், இன்னும் லேசா வலிக்கு என்று கன்னத்தைத் தொட்டுக் காட்டிக்கொண்டு வந்தாள். நான் அறைக்கோடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். சாயங்கால வெளிச்சம் மஞ்சளாக உள்ளே விழுந்திருக்கும். உருண்டை முகங்களுக்கு நடுவே அவள் கரண்டியை நீட்டுவாள். இவையெல்லாம் எங்கள் பிள்ளைகள்தான், எப்போது பிறந்தன என்பது மட்டும் மறந்துபோய்விட்டது என்று அரைத்தூக்கத்தில் நினைத்துக்கொள்வேன்.

மாசி மாதம் ஒரு நாள் டாக்டர் சுந்தர்சிங் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கிரேட் காட்டன் ரோட்டுப் பக்கம் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருந்தார். எங்கள் தெருவுக்கெல்லாம் அவர்தான் டாக்டர். ஊருக்கு வந்து நாலைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. யாருக்கு என்ன நோய் என்று கேட்டு வைப்பதில் ஆசை உள்ள மனுஷர்.

அதற்கு ஒரு காரணமும் இருந்தது. பாளையங்கோட்டையில் ஒரு பேராசிரியர் இந்தக் கரைப் பக்கத்துக் குடும்ப டாக்டர்கள் சிலரைச் சேர்த்து ஒரு வேலை கொடுத்திருந்தார். மணப்பாட்டில் ஒருவர், புன்னைக்காயலில் ஒருவர், உள்ளே தள்ளி விளாத்திகுளத்தில் ஒருவர், தூத்துக்குடிக்கு நம்மவர். தன்னிடம் வந்தவர்களில் எத்தனை பேருக்குக் கக்குவான், எத்தனை பேருக்கு மணல்வாரி, காமாலை, பொன்னுக்கு வீங்கி என்று வாரா வாரம் ஒரு அட்டையில் குறித்து அனுப்ப வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்கு வருவது முற்றின நோய். ஊருக்குள் நோய் நடமாட ஆரம்பிப்பது முதலில் குடும்ப டாக்டர் வீட்டு பெஞ்சில்தான் தெரியும் என்பது பேராசிரியரின் கட்சி. நம் டாக்டர் அட்டையோடு நிற்கவில்லை. தெருக்களைப் படமாக வரைந்து சுவரில் மாட்டி, வீடு வீடாகக் குண்டூசி குத்தியிருந்தார். காகிதத்துக்கு அலைந்து, மீன்துறையில் இருந்த அவர் தம்பியிடம் கிடைத்த கடலடி முத்துச்சிப்பிப் பார்களைக் குறித்த படத்தின் பின்பக்கத்தில் வரைந்திருந்தார். ஜன்னல் வெளிச்சம் பட்டால் முன்பக்கத்துக் கடல் கோடுகள் எங்கள் தெருக்களுக்கு அடியில் தெரியும்.

"வாரும் தாணுலிங்கம். நீரும் எண்ணுத ஆளு, நானும் எண்ணுத ஆளு. இதக் கொஞ்சம் பாரும்" என்றார்.

பார்த்தேன். தூத்துக்குடியே கடலடியில் கிடந்தது. அதில் மஞ்சள் தலை ஊசிகள் ஒரே இடத்தில் கும்பலாக இருந்தன.

"மஞ்சள் ஊசி பொன்னுக்கு வீங்கி" என்றார் டாக்டர். "பள்ளிக்கூடத்துல பரவியிருந்தா எல்லாத் தெருவுலயும் பரவலா வரணும்லா. வரல. ஒங்க தெருவுலதான் கூடிக் கெடக்கு. அதும் ஒரு வீட்டச் சுத்தி."

"எந்த வீடு டாக்டரய்யா?"

"உம்ம வீடுதான் வே."

"எங்க வீட்டுல பிள்ளையே கெடையாதே."

"அதான் மொதல்ல எனக்கும் வெளங்கல. எங்கிட்ட வார தாய்மார்கிட்டல்லாம் கேட்டேன். எல்லாரும் சங்கிலியையும் கஞ்சியையும் சொல்லுதாங்க. ஒரு பிள்ள பல்லு வீங்கி எங்கிட்ட வந்துது. பல்லுதான், வேற ஒண்ணுமில்லன்னு சொல்லி அனுப்புனேன். அதோட அம்ம கேக்கல. எதுக்கும் இருக்கட்டும்னு உம்ம வீட்டுல கொண்டு சங்கிலி போட்டிருக்கா. மூணு வாரம் கழிச்சு நெசமாவே பொன்னுக்கு வீங்கி வந்துட்டு."

"அப்ப சங்கிலியா பரப்புது?"

"சங்கிலி பாவம், அது என்ன செய்யும். எச்சில்தான் பரப்புது. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே கரண்டில்லா." அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "நான் வந்து சொன்னா உம்ம வீட்டம்மா சங்கடப்படுவாங்க. நீர் பக்குவமாச் சொல்லி நிப்பாட்டும்."

பக்குவமாகச் சொல்வதாம். உன்னால்தான் தெருப் பிள்ளைகளுக்கு நோய் வருகிறது என்பதில் பக்குவம் எங்கே வைப்பது. அவள் கை ராசியில்லாத கை என்று ஊர் முதுகுக்குப் பின்னால் பேசியதை இனி டாக்டரே படம் போட்டுக் காட்டிவிட்டார் என்று ஆகிவிடும். அந்தச் சாயங்காலங்கள் போனால் அவளுக்கு என்ன மிச்சம் இருக்கும் என்று நினைத்தேன். நினைக்கவே பயமாக இருந்தது.

டாக்டர் வழக்கமான கேள்விகளுக்கு வந்துவிட்டார். "உமக்கு இது சின்ன வயசுல வந்துட்டா? வரலன்னா நீரும் அந்தப் பிள்ளைக கூட உக்காரக்கூடாது. பெரிய ஆளுகளுக்கு வந்தா பாடு."

"அதெல்லாம் வந்து போயிட்டு டாக்டரய்யா. கொழும்புல எங்க மாமா கடையில நின்னேன்லா, அப்ப. இருபது வயசு இருக்கும். மாமா மோதிரத்தக் கூடக் கழத்தித் தரல. பொன்னு படல பாத்தேளா, அதான் கீழ எறங்கிட்டு." நான் சிரித்தேன். இந்தக் கதையை நான் எப்போதும் சிரித்துக்கொண்டுதான் சொல்வேன், கேட்கிறவர்களும் சிரிப்பார்கள். மாமாவின் கஞ்சத்தனத்துக்காக ஏற்பட்ட கதை அது.

டாக்டர் சிரிக்கவில்லை. "ரெண்டு பக்கமுமா?" என்று கேட்டார்.

"ரெண்டு பக்கமுந்தான். நடக்க முடியாமக் கெடந்தேன்."

"கல்யாணம் அதுக்கப்புறமா?"

"அப்புறந்தான்."

அவர் கையிலிருந்த ஊசியை டப்பாவில் போட்டார். "இத்தன வருசத்துல உம்மள யாராவது பரிசோதிச்சாங்களா?"

"என்னைய எதுக்குப் பரிசோதிக்கணும்?" என்றேன். உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டேன்.

மறுநாள் காலையில் அந்தப் பரிசோதனை நடந்தது. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதைப் பெரியவர்களுக்கு விளக்க வேண்டாம், சின்னவர்களுக்குச் சொல்லக் கூடாது. டாக்டர் மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் குனிந்திருந்தார். பிறகு நகர்ந்து, "நீரே பாரும்" என்றார். நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். தண்ணீர் பாய்ச்சின உப்பளப் பாத்தி வெயிலில் கிடப்பது போல ஒரே வெளிச்சம். அழகாகத்தான் இருந்தது. அதற்குள் எங்கோ போய்விடலாம் போல இருந்தது.

"ஒண்ணுமே அசையலையே" என்றேன்.

"அசையணும். கூட்டங் கூட்டமா ஓடணும்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்த நோய் வந்து போன எடம் வே. உம்ம தப்பு ஒண்ணுமில்ல. எல்லாருக்கும் இப்படி ஆகிறதில்ல, உமக்கு ஆயிட்டு."

"அப்ப அவகிட்ட ஏதாவது கொறை இருக்கா?"

"லேடி டாக்டர் எழுதுன சீட்டெல்லாம் உம்ம வீட்டம்மா ஒரு தடவ எங்கிட்டக் கொண்டுவந்து காட்டியிருக்காங்க. அவங்களுக்கு ஒரு கொறையும் கெடையாது."

அன்றைக்குத் துறைமுகத்தில் உப்பு மூட்டை ஏற்றினார்கள். மூட்டைகள் ஒன்றன் பின் ஒன்றாக வானத்தில் ஏறிக் கப்பலுக்குள் இறங்கின. நான் கோடு போட்டுக்கொண்டே இருந்தேன். கோட்டுக்கு ஒன்றாக, சண்முகத்தாய் பட்டதெல்லாம் நினைவுக்கு வந்தது. திருச்செந்தூர்ப் பிராகாரத்தில் ஈரச் சேலையோடு உருண்டாள். விளாத்திகுளம் பக்கத்து வைத்தியர் கொடுத்த கஷாயத்தைக் குடித்துவிட்டு மண்டலக் கணக்கில் வாந்தி எடுத்தாள். யாரோ சொன்னார்கள் என்று மணப்பாட்டுச் சிலுவைக் கோவிலுக்கும் போய் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தாள். என் அம்மா சாகிற வரைக்கும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இன்னொருத்தியைக் கட்டு என்று அம்மா பிடிவாதம் பிடித்தபோது, மாட்டேன் என்று நான் சொன்னேன். தாணுலிங்கம் தங்கமான மனுஷன் என்று ஊரே மெச்சியது. இவளும் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த மெச்சலைச் சொத்து மாதிரி இத்தனை காலம் அனுபவித்திருக்கிறேன். உப்பு வெயிலில் கண் கூசியது. மூட்டைகள் வானத்தில் மிதந்துகொண்டிருந்தன. அன்று முதல் தடவையாக என் கோடு தப்பியது.

வீட்டுக்கு வந்தபோது சங்கரம்மாள் எங்கள் கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் மருமகள் அருணாசலவடிவுக்கு ஏழாம் மாதம். "நாளைக்கு வளைகாப்பு வச்சிருக்கு அண்ணாச்சி. பொம்பளைக விசேசம், சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றாள். பிறகு சண்முகத்தாய் பக்கம் திரும்பி, "ஒனக்கு எதுக்குளா சிரமம். சாப்பாட்ட நான் வீட்டுக்கே குடுத்து விட்டுருதேன்" என்றாள்.

அப்படிச் சொன்னால் வராதே என்று அர்த்தம். சொன்னவளுக்கும் தெரியும், கேட்டவளுக்கும் தெரியும். சண்முகத்தாய், "சரி மயினி" என்றாள். அவள் மடியில் சங்கரம்மாளின் பேத்தி உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். சங்கரம்மாள் அதையும் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

சாயங்காலம் நான் வாயைத் திறக்கவில்லை. பிள்ளைகள் வந்தார்கள், சங்கிலி ஒரு கழுத்திலிருந்து இன்னொரு கழுத்துக்கு மாறியது, வெள்ளிக் கரண்டி வாய் வாயாகப் போனது. நிறுத்து என்று சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது. கரண்டிச் செய்தியை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை விழுங்கிவிடலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. ஊர் மெச்சின மனுஷனாகவே இருந்துவிட்டுப் போகலாம். அவள் ராசியில்லாத கையோடு மூலையில் உட்காருவாள், நான் அவளைத் தேற்றுவேன், பழகின வேலைதான். என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

விடிந்ததும் அவள் கஞ்சிக்கு அரிசி புடைக்க உட்கார்ந்தாள். நான் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"ஏளா, ஒண்ணு சொல்லணும். சுளகக் கீழ வையி."

"கை பாட்டுக்குப் பொடைக்கட்டும். சொல்லுங்க."

சொன்னேன். கொழும்பு, வீக்கம், டாக்டர் கேட்டது, கண்ணாடிச் சில்லில் ஒன்றும் அசையாதது, எல்லாவற்றையும் சொன்னேன். சுளகு கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாகி நின்றது. அவள் அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் சைக்கிள் மணி ஒன்று போனது.

"எனக்கு அப்ப பாவாடை கட்டுத வயசு இருக்கும்" என்றாள். "நீங்க ஆருன்னே எனக்குத் தெரியாது. அப்பவே முடிஞ்சு போன சங்கதிக்கா நான் திருச்செந்தூர்ல போயி உருண்டேன்?"

நான் கீழே சிந்தின அரிசியைப் பொறுக்கிச் சுளகில் போட்டேன்.

"ஒங்களுக்குத் தெரியாம ஒண்ணு செஞ்சேன். எங்க சித்தி மக வடிவம்மாள ஒங்களுக்குக் கேட்டு நானே போனேன். நீங்க வேண்டாம்னு சொன்னதுக்கு அப்புறம், அத்தைக்காகப் போனேன். அவ கையப் புடிச்சுக் கெஞ்சுனேன். மாட்டேன்னுட்டா. அதுக்காக அவகூட எத்தன நாள் பேசாம இருந்தேன் தெரியுமா. இப்ப அவளுக்கு மூணு பிள்ளைக." அவள் கை அரிசிக்குள் அளைந்தது. "அவ மட்டும் வந்திருந்தா? அவளையும்லா மலடின்னு சொல்லியிருப்போம். நானே சொல்லியிருப்பேன்."

அப்போதுதான் அழுதாள். நான் தோளைத் தொடப் போனேன். "தொடாதீங்க" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள், அந்தக் கோபம் அவளுக்குப் பொருத்தமாக இருந்தது. அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றிப்போனது.

பிறகு கரண்டி விஷயத்தையும் சொன்னேன். இதற்கு மேல் ஒளிக்க என்ன இருக்கிறது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கவனமாகக் கேட்டாள்.

"எச்சில்தானா? என் கையில ஒண்ணும் இல்லையே?"

"கையில ஒண்ணுமில்ல. டாக்டரே சொல்லுதாரு."

"இத மொதல்லயே சொல்லியிருந்தா நேத்துச் சாயங்காலமே நிப்பாட்டியிருப்பேம்லா. பச்சப்பிள்ளைகல்லா." இதற்கும் ஒரு முறை முறைத்தாள். "வீங்கினது மட்டும் வரட்டும். கூட்டாளி வேண்டாம். ஆளுக்கொரு தேங்காச் செரட்டை கொண்டு வரணும், குடிச்சிட்டு அடுப்புல போட்டுட்டுப் போகணும்." அத்தோடு அந்த விவகாரத்தை முடித்துவிட்டாள். பங்குனி கடைசியில் டாக்டர் என்னைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். எங்கள் தெருவில் புதிதாக மஞ்சள் ஊசி விழவில்லை. பேராசிரியருக்கு அதைப் பற்றிப் பெரிய கடிதம் எழுதினாராம்.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்றைய பகலைப் பற்றி.

நான் வேலைக்குப் போகவில்லை. பதினோரு மணி போல எதிர்வீட்டில் பெண்கள் கூடத் தொடங்கினார்கள். சந்தன வாசனையும் சிரிப்பும் தெருவைத் தாண்டி வந்தன. சண்முகத்தாய் குளித்துவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். அடியிலிருந்து கூறைப்பட்டுச் சேலையை எடுத்து உடுத்தினாள். சங்கிலியைப் போட்டுக்கொண்டாள். எனக்குப் புரிந்துவிட்டது.

"நானும் வாரேன்" என்றேன்.

"அங்க ஆம்பளைக்கு என்ன வேலை?"

"வேலை இருக்கு."

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. தெருவைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும். எனக்கு அது முடிகிற வழியாகத் தெரியவில்லை. வெயில் வெள்ளையாக அடித்தது. முன்னால் அவள் பட்டுச் சேலை தரையைத் தொடாமல் மிதந்து போவது போல இருந்தது. எங்களைப் பார்த்ததும் எதிர்வீட்டு நடையில் நின்றிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

சங்கரம்மாள் வாசலுக்கு வந்தாள். சிரித்த முகம்தான். ஆனால் இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "சாப்பாடு குடுத்து விடுதேன்னு சொன்னேன்லா சண்முகம். நீ எதுக்கு வெயில்ல" என்று இழுத்தாள்.

"சாப்பிட வரல மயினி. ஒங்க மருமகளுக்கு வளையல் போட வந்தேன்."

உள்ளே யாரோ பெருமூச்சு விட்டார்கள். பலகையில் உட்கார்ந்திருந்த அருணாசலவடிவு, கன்னத்தில் பூசின சந்தனத்தோடு நிமிர்ந்து பார்த்தாள். சங்கரம்மாளுக்குச் சொல்லவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. "அதுக்கில்ல. மொத மொத உண்டாயிருக்கா. பெரியவுங்க சொல்லி வச்ச மொறைன்னு ஒண்ணு..."

நான் முன்னால் வந்தேன். துறைமுகத்தில் சத்தம் போட்டே பழகின குரல், அன்றைக்கு எங்கே போயிற்றோ.

"மயினி, அவகிட்ட ஒரு கொறையும் இல்ல. டாக்டர் பாத்துச் சொல்லிட்டாரு. எனக்குத்தான் பிள்ள பெறக்காது. கல்யாணத்துக்கு முன்னாலயே எனக்குப் போயிட்டு. அவளுக்கு ஒண்ணுமில்ல. எல்லாரும் கேட்டுக்கிடுங்க, எனக்குத்தான்."

வளையல் தட்டில் கண்ணாடி லேசாகக் கிணுகிணுத்தது. சங்கரம்மாள் நிலையிலிருந்து கையை எடுத்தாள். சண்முகத்தாய் உள்ளே போனாள். நேரே போய்ப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தாள். அருணாசலவடிவு மாமியாரைக் கேட்காமலே இரண்டு கைகளையும் அவள் முன்னால் நீட்டினாள்.

நான் நடையிலேயே நின்றேன். அப்போதுதான் கவனித்தேன், எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவள் காதில் ஏதோ சொன்னாள். ஒருத்தி மடியிலிருந்த குழந்தையின் தலையை முந்தானையால் மூடினாள். பாவம் என்கிற பார்வை கொஞ்சம், தள்ளி நில் என்கிற பார்வை கொஞ்சம். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒரு நிமிஷம்கூட என்னால் தாங்க முடியவில்லை. இதற்குள்தான் அவள் இத்தனை வருஷமும் குடியிருந்தாள். வாசலைப் பார்த்துத் திரும்பினேன்.

"எங்க போறீங்க?"

சண்முகத்தாய் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பச்சை வளையல் ஒன்றை அருணாசலவடிவின் விரல்களைக் குவித்து மெதுவாக ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"ஆருக்கும் பயந்து போகாண்டாம். இங்கன வந்து எம் பக்கத்துல உக்காருங்க."

பெண்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். நான் போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அவள் அடுத்த வளையலை எடுத்தாள்.